பற்சக்கரம் பொருத்துவது அறிவாகாதா?

டீசல் எஞ்சினின் எரிபொருள் பம்பில் ஒரு பற்சக்கரத்தைப் பொருத்துவது அறிவா, திறனா?

பல்கலைக்கழக வளாகத்தில் இக்கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமலே ‘திறன்’ என்பார்கள். அறிவு நூலில் இருக்கும். திறன் கையில் இருக்கும். அறிவுக்கு முனைவர் பட்டம். திறனுக்குச் சில மாதச் சான்றிதழ். அறிவைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவோம்; திறனுக்கு மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவோம். இப்பிரிவினை இந்தியக் கல்விப்புலத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்றால், அதைப் பிரிவினை என்றே நாம் உணர்வதில்லை.

அது தவறானது என்பதும், பட்டறையையும் வகுப்பறையையும் ஒருசேரக் கெடுக்கிறது என்பதும் என் வாதம். இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவோம். ஆகவே வேண்டுமென்றே ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்கிறேன். பழுது பார்த்து முடித்த பம்பின் தண்டில் அதை ஓட்டும் பற்சக்கரத்தை ஏற்றி, நட்டை முடுக்கும் வேலை அது. தேர்ந்த கைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று கடுமையாக அழுத்தப்படுகிறது; அழுத்தத்தால் அது சூடேறுகிறது; அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் பீய்ச்சுவது என்னும் இரண்டையும் தீர்மானிப்பது பம்பு. ‘எவ்வளவு’ என்பதற்கான அமைப்பு பம்புக்கு உள்ளே இருக்கிறது. ‘எப்போது’ என்பதற்கான ஆதாரமோ பெரும்பாலும் வெளியே, பம்பை எஞ்சினோடு பிணைக்கும் பற்சக்கரத்தில் இருக்கிறது. கிராங்க் தண்டிலிருந்து இடைச்சக்கரம் வழியாகப் பம்பின் சக்கரம் சுழல்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பு ஒரு சுற்றுச் சுற்றும்.

இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலையின் நுட்பம் விளங்கும். பம்பின் தண்டில் 1 டிகிரி பிசகினால் எஞ்சினில் அது 2 டிகிரிப் பிசகு. தண்டு சக்கரத்தைப் பிடிக்கும் இடத்தில் அதன் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 டிகிரி என்பது சுற்றளவில் 0.17 மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத அந்த நழுவல் எஞ்சினின் நேரத்தை மாற்றிவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு டிகிரிக்கு உரிய கால அளவு ஒரு வினாடியின் 9000-இல் ஒரு பங்கு. சக்கரத்தில் 60 பற்கள் இருந்து, மாட்டும்போது ஒரேயொரு பல் தவறிப்போனால், பம்பில் 6 டிகிரி, எஞ்சினில் 12 டிகிரி. பழைய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் மேல் எல்லையைத் தொடுவதற்குப் பத்துப் பதினைந்து டிகிரி முன்னதாகவே எரிபொருள் பீய்ச்சத் தொடங்க வேண்டும். அந்த முன்கூட்டிய அவகாசம் ஏறக்குறைய முழுவதும் ஒரு பல்லில் போய்விடும். எரிபொருள் தாமதமாக வந்தால் வெண்புகை, இழுவைக் குறைவு, கொதிக்கும் புகைக்குழாய். முன்னதாக வந்தால் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் கேடு.

இனி, சக்கரம் தண்டின்மீது எப்படி நிற்கிறது என்பதைப் பார்ப்போம். அந்தத் தண்டின் முனை நேரான உருளையாக இல்லை. நுனியை நோக்கிச் சிறுக்கும் கூம்பாக இருக்கிறது. பட்டறையில் அதை ‘டேப்பர்’ என்பார்கள். பல டீசல் பம்புகளில் அதன் சரிவு 1:5. அதாவது நீளவாக்கில் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். சக்கரத்தின் நடுத்துளையும் அதே சரிவில் குடையப்பட்டிருக்கும். முனையில் நட்டை முடுக்கும்போது சக்கரம் கூம்பின்மேல் ஏறி இறுகிக்கொள்கிறது. பலவற்றில் இரண்டுக்கும் நடுவே ஓர் அரைவட்டச் சாவியும் உண்டு. சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சாவிதான் என்றே முதலில் பார்ப்பவர் நினைப்பார். சாவியின் முதன்மையான வேலை இடத்தைக் காட்டுவது. சுமையைத் தாங்குவது இரண்டு கூம்புப் பரப்புகளுக்கும் இடையிலான உராய்வு. சில பம்புகளில் சாவியே கிடையாது. முழுப் பாரமும் உராய்வின்மேல்தான். நட்டு தளர்ந்தால் சுமை சாவியின்மேல் விழும். அத்தனை பாரத்துக்காகச் செய்யப்படாத சாவி நசுங்கும், அல்லது அறுபடும்.

ஆகவேதான் தேர்ந்த மெக்கானிக் பற்சக்கரத்தை ஏற்றுமுன் தண்டையும் துளையையும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்கிறார். எஞ்சினில் ஏறத்தாழ எல்லாப் பாகத்துக்கும் எண்ணெய் பூசி மாட்டுகிறவர், இந்த ஓரிடத்தில் மட்டும் எண்ணெயைப் பகையாகக் கருதுகிறார். தயாரிப்பாளரின் கையேட்டிலும் ‘சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். ஏன் என்று பெரும்பாலும் இராது.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1:5 சரிவில் கூம்பின் அரைக்கோணம் ஏறத்தாழ 5.7 டிகிரி, அதன் டேன்ஜென்ட் மதிப்பு 0.1. உலர்ந்த எஃகுப் பரப்பின் உராய்வுக் குணகம் 0.15 என்றும், எண்ணெய் படிந்த பரப்பினுடையது 0.08 என்றும் கொள்வோம். நட்டு இரண்டு நிலையிலும் ஒரே விசையுடன் சக்கரத்தைத் தள்ளுவதாகவும் கொள்வோம். விடை வியப்பளிப்பது. எண்ணெய் இருக்கும்போது கூம்பின் பரப்பில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. ஏனென்றால் சக்கரம் வழுக்கிக்கொண்டு மேலும் ஏறுகிறது. ஆனால் சக்கரம் தாங்கக்கூடிய முறுக்கு விசையோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. சக்கரத்தின் நடுப்பகுதி அதிகமாக விரிக்கப்பட்டு, பிளவுபடும் அபாயம் கூடுகிறது. அதே நேரத்தில் பிடிப்பு குறைகிறது. இரு வகையிலும் நட்டம்.

அதோடு முடியவில்லை. ஒரு கூம்பு தானே பற்றிக்கொண்டு நிற்க வேண்டுமானால் உராய்வுக் குணகம் அரைக்கோணத்தின் டேன்ஜென்ட்டைவிட, இங்கே 0.1-ஐவிட, அதிகமாக இருக்க வேண்டும். உலர்ந்த பரப்பு அந்த எல்லையைக் கடக்கிறது. எண்ணெய்ப் பரப்பு கடக்கவில்லை. எனவே உலர மாட்டிய சக்கரம், நட்டு சற்றே தளர்ந்தாலும் தன் இடத்தை விட்டு எளிதில் நகராது. எண்ணெயோடு மாட்டியது நட்டு தளர்ந்ததும் பின்வாங்கப் பார்க்கும். சக்கரத்தைக் கழற்ற ‘புல்லர்’ என்ற இழுகருவி இல்லாமல் முடியாது என்பதைப் பலர் தொல்லையாகக் கருதுவார்கள். உண்மையில், கழற்றுவதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருப்பதே அது முன்பு ஒழுங்காக மாட்டப்பட்டது என்பதற்குச் சான்று.

வேலையின் வரிசையும் இப்படித்தான். ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது. எஞ்சினை ஓடும் திசையிலேயே சுற்றிக் குறியை அடைய வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் அந்தச் சிறிதளவு மட்டும் பின்னே திருப்பி நிறுத்தக் கூடாது, வெகுதூரம் பின்னே போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். பற்களுக்கு இடையே உள்ள தளர்வு எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதே காரணம். சாய்பற்கள் கொண்ட சக்கரமானால், உள்ளே தள்ளும்போது அது சற்றுத் திரும்பிக்கொண்டே போகும். எனவே தள்ளுமுன் குறிகள் ஒன்றையொன்று பார்த்தால், தள்ளி முடித்தபின் பார்க்கமாட்டா. எவ்வளவு விலக்கித் தொடங்குவது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்பின் தண்டு சுழலாமல் நிறுத்தும் பூட்டுத் திருகு நேரத்தைக் காப்பதற்காக உள்ளது. நட்டை இறுதியாக முடுக்கும் விசையைத் தாங்குவதற்காக இல்லை. அதை நம்பி முழு விசையையும் கொடுத்தால் தண்டில் வடு விழும். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. அடி பம்பின் உட்புறத் தாங்கிகளுக்குப் போய்ச் சேரும். நட்டும் வாஷரும் விரல் நழுவி எஞ்சினின் முன்கூட்டுக்குள் விழுந்தால் முழு மூடியையும் கழற்ற வேண்டிவரும் என்பதால் அடியில் ஒரு துணியைத் திணித்து வைப்பது எல்லோரும் செய்யும் முன்னெச்சரிக்கை. வரிசைப் பம்பானால், கடைசியாக மெல்லிய வளைகுழாயைப் பொருத்தி, எஞ்சினை இம்மி இம்மியாகச் சுற்றி, ஒழுகும் டீசல் எந்த இடத்தில் சொட்டாக மாறி நிற்கிறது என்று கண்ணால் பார்த்து நேரத்தைச் சரிபார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். மேலே விவரித்தவற்றில் எந்த இடத்தில் அறிவு முடிந்து திறன் தொடங்குகிறது?

இந்தக் கேள்வி எனக்குக் களப்பணியில் எழுந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காக டெல்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் பம்புப் பட்டறைகளில் நெடுநாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தலைமை மெக்கானிக்கை உஸ்தாத் என்றும் அவரிடம் தொழில் கற்பவரை ஷாகிர்த் என்றும் அழைப்பார்கள். பற்சக்கரம் கராரி, திருகின் மரை சூடி, அதாவது வளையல், தண்டின் சாவி சாபி, பம்பின் நேரத்தைச் சரியாக அமைப்பது டைமிங் பாந்த்னா, நேரத்தைக் கட்டுதல். அவிழ்ந்துவிடக் கூடியது என்பதால்தானே ஒன்றைக் கட்டுகிறோம்? அந்தச் சொல்லிலேயே ஒரு கருத்தாக்கம் ஒளிந்திருக்கிறது.

அங்கு ஓர் உஸ்தாத் தம் ஷாகிர்திடம், எண்ணெய் பட்ட டேப்பரில் நட்டு பொய் சொல்லும் என்ற பொருளில் விளக்கிக்கொண்டிருந்தார். கைக்கு இறுக்கமாகத் தெரியும். ஆனால் சக்கரம் பிடித்திருக்காது. கழற்றும்போது புல்லருக்கு முரண்டு பிடிக்காத சக்கரத்தைக் கண்டால், முன்பு மாட்டியவர் துடைக்காமல் மாட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்க வேண்டும் என்றும் சொன்னார். மேலே நான் குணகங்களை வைத்துப் போட்ட கணக்கின் இரண்டு முடிவுகளும் அவருடைய இரண்டு வாக்கியங்களில் இருந்தன. ஒரு கருதுகோள், அதிலிருந்து ஒரு கணிப்பு, கணிப்பைச் சோதிக்க ஓர் அடையாளம். ஆய்வு முறையியல் வகுப்பில் நாம் கற்பிப்பதும் இதைத்தானே?

இந்தக் கணக்கின் மறுபாதி எங்கே இருக்கிறது? நம் பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. இயந்திர உறுப்புகளின் வடிவமைப்பைப் படிக்கும் மாணவர்கள் கூம்புக் கிளச்சுக்கும் திருகுக்கும் தாமே பற்றிக்கொள்ளும் நிபந்தனையைப் படிக்கிறார்கள், சமன்பாட்டை வருவிக்கிறார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அந்தச் சமன்பாடு வளாகத்துக்கு வெளியே ஏதோ ஒரு பட்டறையில் பழந்துணியாகவும் பெட்ரோலாகவும் உருவெடுத்து நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பட்டறையில் இருக்கும் ஷாகிர்துக்கோ, தான் துடைக்கும் துணிக்குப் பின்னால் ஒரு சமன்பாடு இருக்கிறது என்பது தெரியாது. அரைக் கணக்கு இங்கே, அரைக் கணக்கு அங்கே. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

மெய்யியல் பயின்ற நண்பர்கள் இந்த இடத்தில் கில்பர்ட் ரைலை நினைவூட்டுவார்கள். ‘இன்னதென அறிதல்’, ‘எவ்வாறென அறிதல்’ என்ற வேறுபாட்டை அவர் 1949-இல் வெளிவந்த நூலில் விரிவாகப் பேசினார். செய்கையில் வெளிப்படும் அறிவாற்றல், முன்னதாக மனத்தில் ஓடும் கோட்பாட்டின் நிழல் அன்று என்பது அவர் வாதம். மைக்கேல் பொலானி 1966-இல், சொல்லக்கூடியதைவிட நாம் அறிந்திருப்பது அதிகம் என்ற கருத்தை முன்வைத்தார். இருவரையும் நாம் விரும்பி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் பொலானியின் கருத்தை இந்தியக் கல்விப்புலம் தனக்கு வசதியாக வளைத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்கானிக்கின் அறிவு ‘சொல்லில் அடங்காதது’ என்று முடிவு கட்டிவிட்டால், அவரிடம் போய்க் கேட்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போகிறது. உஸ்தாதின் அறிவில் பெரும்பகுதி சொல்லக்கூடியதே. அவர் ஷாகிர்துக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கப்படாததை நாம் சொல்லப்படாதது என்று பெயரிட்டுவிட்டோம்.

கேட்கப்படாததற்குக் காரணம் சமூகம் சார்ந்தது. கோபால் குரு 2002-இல் எழுதிய கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்களும் தரவுச் சூத்திரர்களும் என்ற பிளவு இருப்பதாகச் சுட்டினார். ஒரு சாரார் கோட்பாடு படைக்கிறார்கள். மறு சாரார் தரவு தருகிறார்கள். அவர் பேசியது சமூக அறிவியலைப் பற்றி; குறிப்பாகத் தலித் ஆய்வாளர்களின் இடத்தைப் பற்றி. அதே பிளவு தொழில்நுட்ப அறிவிலும் ஓடுகிறது என்பது என் துணிபு. நம் ஆய்வேடுகளில் உஸ்தாத் ‘தகவலாளி 7’ ஆகிறார். அவர் தரும் விளக்கம் ‘தரவு’ ஆகிறது. அதே விளக்கத்தை நாம் மறுமொழியில் எழுதினால் ‘பகுப்பாய்வு’ ஆகிறது. கையால் செய்பவர் சிந்திப்பதில்லை என்ற எண்ணம் இந்த மண்ணில் எங்கிருந்து வந்தது என்பதை இக்குழுவினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரசின் கொள்கைகளில் இதற்கு விடை இல்லையா என்று கேட்கலாம். முயற்சிகள் இருந்தன, இருக்கின்றன. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி கைத்தொழிலையே கல்வியின் மையமாக்கும் திட்டத்தை முன்வைத்தார்; ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம், 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் ஆகியன வந்தன. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு இன்றும் ஓராண்டுப் படிப்பாக உள்ளது. பயிற்சி நூல்களைப் பல இந்திய மொழிகளில் உருவாக்குவதற்கென்றே சென்னை கிண்டியில் ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2025-க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் குறைந்தது 50 விழுக்காட்டினருக்குத் தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

இத்திட்டங்களின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் அறிவின் ஓட்டம் ஒருவழிப் பாதை. மேலிருந்து பாடம் இறங்குகிறது. கீழே இருப்பவர் கற்றுக்கொள்கிறார். முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டம்கூட, பட்டறையில் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. அவர் கற்றதைப் பாடநூலுக்குள் கொண்டுவருவதில்லை. சான்றிதழ் ஆளை அங்கீகரிக்கிறது. அவரது அறிவு பட்டறை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

எதிர்வாதங்கள் மூன்றை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, இது பட்டறையைப் புனிதப்படுத்தும் பேச்சு என்பது. அந்த அபாயம் உண்மையானது. பட்டறைகளில் தவறான நம்பிக்கைகளும் உண்டு. டார்க் ரெஞ்ச் இருந்தும் அதைத் தொடாமல் தோள்பட்டையின் உணர்வையே நம்புபவர்கள் உண்டு. காரணத்தைச் சொல்லாமல் கன்னத்தில் அறைந்து கற்பிப்பவர்களும், பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. இவற்றை மறைப்பது ஆய்வாகாது. ஆனால் ஓர் அறிவுத்துறையில் பிழைகள் இருப்பது, அது அறிவுத்துறை அன்று என்பதற்குச் சான்றாகுமா? பிழையான கோட்பாடுகள் இல்லாத பல்கலைக்கழகத் துறை ஒன்றைக் காட்டுங்கள். பிழையைத் திருத்த வழி, விவாதத்துக்குள் கொண்டுவருவது. விவாதத்துக்குள் கொண்டுவர முதற்படி, விவாதத்துக்கு உரியது என்று ஒப்புக்கொள்வது.

இரண்டாவது, தொழில்நுட்பம் மாறிவிட்டது என்பது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. புதிய டீசல் வண்டிகளில் எரிபொருள் பீய்ச்சும் கணத்தை மின்னணுக் கட்டுப்பாட்டகம் தீர்மானிக்கிறது. பம்பின் வேலை பெரும்பாலும் உயர் அழுத்தத்தைத் தருவதே. இது உண்மை. ஆனால் உயர் அழுத்தப் பம்புகளிலும் டேப்பர் தண்டில் ஏற்றி முடுக்கப்படும் சக்கரங்கள் இருக்கின்றன. எண்ணெய்ப் பசையின் இயற்பியல் மின்னணுவுக்காக மாறிவிடவில்லை. மேலும், வயல்களில் நிலைமை வேறு. டிராக்டர்களில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்கே 2023 ஜனவரி முதல் அடுத்த கட்டப் புகை விதி வந்தது. இந்திய வயல்களில் உழுபவற்றில் பெரும்பாலானவை அதற்குக் கீழ்ப்பட்டவை. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. அவ்வாரங்களில் ஒரு பம்பின் நேரம் தவறினால் என்ன நேரும் என்பதை அந்தக் குடும்பம் அறியும். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. அதன் பழைய இயந்திரப் பம்புகளை மீட்டுக் கட்டத் தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. வழக்கொழியும் தறுவாயில் உள்ள மொழியை ஆவணப்படுத்த ஓடுகிறோம். இந்த அறிவுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவிகூட நாம் எடுத்துச் சென்றதில்லை.

மூன்றாவது, எல்லாம் கையேட்டில் இருக்கிறது என்பது. கையேட்டில் கட்டளை இருக்கிறது. காரணம் அரிதாகவே இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கட்டளையை மட்டும் பெற்றவர், நிலைமை சற்று மாறினால் திகைத்துப்போவார். காரணத்தைப் பெற்றவர் தாமே முடிவெடுப்பார். சாவி உள்ள பம்பில் பழகியவர் சாவி இல்லாத பம்பை முதன்முதலாகச் சந்திக்கும் நாளில் இவ்வேறுபாடு வெளிப்படும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பதவிக்கு நெறிமுறை வெளியிட்டது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். முறையான கல்வித்தகுதி கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை நியமிக்கலாம். அந்நெறிமுறை பெருநிறுவன அதிகாரிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது போலத் தோன்றினாலும், அதன் எழுத்தில் உஸ்தாதைத் தடுக்கும் விதி எதையும் நான் காணவில்லை. முப்பது ஆண்டுகள் பம்பு கட்டியவர் ஒரு பருவம் இயந்திரவியல் துறைக்கு வந்து, உரிய ஊதியத்துடன், உரிய மரியாதையுடன் கற்பிக்கட்டும். சமன்பாட்டை ஆசிரியர் கரும்பலகையில் வருவிக்கட்டும். அதே மேசையில் உஸ்தாத் உலர்ந்த டேப்பரையும் எண்ணெய் பூசிய டேப்பரையும் ஒரே அளவு முடுக்கிக் கழற்றிக் காட்டட்டும். மாணவர்கள் இரு தரப்பையும் கேள்வி கேட்கட்டும்.

சமூகவியல், மானுடவியல், அறிவியல் வரலாறு பயிலும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைகளில் களப்பணி செய்கிறவர்கள், அங்கே கேட்ட விளக்கங்களை விளக்கங்களாகவே பதியுங்கள். ‘மரபான நம்பிக்கை’ என்று எழுதுமுன் அது சரியா என்று சோதியுங்கள். சரியென்றால் சரி என்று எழுதுங்கள், தவறென்றால் ஏன் தவறு என்று எழுதுங்கள். சொன்னவர் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள். முடிவுகளை அவர் படிக்கும் மொழியில், இரண்டு பக்கமே ஆனாலும், திருப்பிக் கொடுங்கள். ஒரு பட்டறைச் சுவரில், ‘டேப்பரைத் துடை’ என்பதற்குக் கீழே ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் ஒட்டப்பட்டிருந்தால், அடுத்து வரும் ஷாகிர்த் அறை வாங்காமல் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. ஆய்விதழ்க் கட்டுரையின் தாக்கக் காரணியைவிட அந்த ஒற்றைத் தாள் குறைந்த மதிப்புடையது என்று என்னால் கருத இயலவில்லை.

அறிவு, திறன் என்ற இரண்டு பெட்டிகளில் மனிதர்களைப் பிரித்து வைத்திருக்கும் நிறுவனங்களில்தான் நாம் படிக்கிறோம், கற்பிக்கிறோம். பெட்டியின் எந்தப் பக்கம் நாம் நிற்கிறோம் என்பது பெரும்பாலும் பிறப்பாலும் மொழியாலும் பள்ளிக் கட்டணத்தாலும் தீர்மானிக்கப்பட்டது. தகுதியால் மட்டுமே தீர்ந்தது என்று நம்புவோர், ஒரு நாள் பம்புப் பட்டறையில் உட்கார்ந்து, அங்கே வைக்கப்படும் காரணங்களை எண்ணிப் பார்க்கலாம்.

தங்கள் துறைகளில் இத்தகைய முயற்சிகள் நடந்திருந்தால், குறிப்பாகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கும் நண்பர்கள், எழுதுங்கள். மாறுபடுவோரின் கருத்துகளையும் அறிய விரும்புகிறேன்.